நாலாயிரம் முறை யார் நீ

முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது, இது பழக்கம். முப்பத்தெட்டு வருடமாக எங்கள் சங்க அலுவலகத்துக்கு யார் வந்தாலும் வாசலில் நின்று பெயர், உறுப்பினர் எண், வந்த காரியம் மூன்றையும் சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்ற வேண்டும். இது பேருந்து, எண் கேட்க மாட்டேன். பெயர் போதும்.

நல்லது. நான் வேதகிரி. ஓசூரில் ஒரு வால்வுத் தொழிற்சாலை, அதன் தொழிலாளர் சங்கத்துக்குப் பொதுச்செயலாளர். தொழிற்சாலையின் பெயரைச் சொல்ல மாட்டேன். சுவரில் எழுதி எழுதிக் கசந்துபோன பெயர். ஆம்பூரில் தேநீருக்கு நிறுத்தினார்களே, அங்கிருந்து நீங்கள் என் பக்கத்தில் இருக்கிறீர்கள். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், தூங்கவில்லை. முன்னால் இடம் இருந்தும் பின்னால் வந்து உட்கார்ந்தீர்கள். அதையும் கவனித்தேன். மடியில் கம்ப்யூட்டர் பை. சட்டைப் பையில் ஒரு தாள் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே தள்ளுங்கள், காற்றில் போய்விடும்.

ஏதோ சொல்ல வருகிறீர்கள். இருங்கள், நான் நினைத்ததைக் கேட்டுவிடுகிறேன். கம்ப்யூட்டர் வேலைதானே உங்களுக்கு? அப்படியானால் எனக்கு ஒரு தீர்ப்பு வேண்டும். தொழில்நுட்பம் தெரிந்த, எந்தச் சங்கத்தையும் சாராத ஒருவரின் தீர்ப்பு. இந்த வயரைப் பிடித்துப் பாருங்கள். இரண்டு முனையிலும் ஒன்பது ஒன்பது துளை. சீரியல் வயர் என்று உங்களுக்கே தெரியும். ஒரு மெஷினின் பேச்சை இன்னொரு மெஷினின் திரையில் காட்டும் வயர். இது சாட்சியப் பொருள். எட்டு மாதமாக என் பையில் இருக்கிறது.

நான் எட்டாவது வரைதான் படித்தேன். மீதியெல்லாம் பிரசுரம். எட்டுப் பக்கம், இருபத்தைந்து காசு. உபரி உழைப்பு, கிரகணம், கருத்தடை, எல்லாவற்றையும் எட்டெட்டுப் பக்கத்தில் படித்து முடித்தவன். எட்டுப் பக்கத்தில் சொல்ல முடியாத விஷயத்தில் ஏதோ மோசடி இருக்கிறது என்பது என் கருத்து. நானே இருநூற்றுப் பதினாறு பிரசுரம் எழுதியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் வரிசை எண் உண்டு. லினக்ஸ் பற்றியும் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். முதலாளி இல்லாத மென்பொருள், யாரும் திறந்து பார்க்கலாம், யாரும் திருத்தலாம் என்று ஒரு பிரசுரத்தில் இருந்தது. சங்கத்தில் கம்ப்யூட்டர் வைத்தால் அதுதான் என்று அன்றைக்கே தீர்மானம் போட்டேன்.

மெஷின் இரண்டு. ஏன் இரண்டு என்று கேளுங்கள். சங்கமும் இரண்டு.

தொண்ணூற்றெட்டில் பிளவு. காரணம் கொள்கை. பேச்சுவார்த்தைக்குப் போனோம். நிர்வாகம் தேநீர் கொடுத்தது. நான் தொடவில்லை. எங்கள் தலைவராக இருந்த ஆசீர்வாதம் குடித்தார். குடித்தது மட்டுமல்ல, பிஸ்கெட்டையும் அதில் தோய்த்தார். நான் கேட்டேன். "தொண்டை காஞ்சிருந்துச்சுவே வேதகிரி, தேத்தண்ணியில என்ன வர்க்கம் இருக்கு" என்றார். நாசரேத் பக்கத்து மனிதர், பேச்சு அப்படித்தான் இருக்கும். ஒரு குவளை தேநீரில் என்ன வர்க்கம் இருக்கிறது என்பதை எட்டுப் பக்கத்தில் விளக்கினேன். பிரசுர எண் தொண்ணூற்றொன்று. அவர் பதிலுக்கு ஒன்று எழுதினார். அதோடு இரண்டாக உடைந்தது.

கட்டடம் ஒன்றுதான். நடுவில் பிளைவுட் தடுப்பு. அந்தப் பக்கம் அவர்கள், செயலாளராக ஆசீர்வாதம். இந்தப் பக்கம் நாங்கள். அவர் இருமினால் எனக்குக் கேட்கும். ஆனால் இருபத்தைந்து வருடமாக நேரில் ஒரு வார்த்தை கிடையாது. சொல்ல வேண்டியதை ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புவோம். தபால் இங்கிருந்து ஓசூர் தலைமை அஞ்சலகம் போய், முத்திரை வாங்கி, அதே தபால்காரர் கையில் அதே கட்டடத்துக்குத் திரும்பி வரும். மூன்று நாள் ஆகும். முறை என்று ஒன்று இருக்கிறது.

வாசலில் பெயரும் எண்ணும் கேட்கும் வழக்கமும் இரண்டு பக்கத்திலும் உண்டு. எண்பத்தைந்தில் நிர்வாகத்தின் ஒற்றன் ஒருவன் தொழிலாளி மாதிரி வந்து உட்கார்ந்துவிட்டுப் போனான். அதிலிருந்து நான் கொண்டுவந்த வழக்கம். அவர்கள் பக்கத்திலும் இன்றுவரை அதைத்தான் கடைப்பிடிக்கிறார்கள், என் பெயரைச் சொல்லாமல். என் மனைவி சாப்பாடு கொண்டுவந்தாலும் எண் சொல்ல வேண்டும். அவளுக்கு எண் கிடையாது. கேரியரை வாசலிலேயே வைத்துவிட்டுப் போவாள். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. பேசியதும் குறைவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். சென்ற வருடம் நிர்வாகம் தொழிற்சாலையை மூடி வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக அனுமதி கேட்டது. நானூற்று ஆறு பேருக்கு வேலை போகும். மாவட்டத் தொழிலாளர் அலுவலகம் ஆட்சேபணை கேட்டது. நாங்கள் ஒரு பட்டியல் கொடுத்தோம், அவர்கள் ஒரு பட்டியல் கொடுத்தார்கள். இரண்டையும் கூட்டினால் நானூற்று எழுபத்தெட்டு பேர். அதிகாரி திருப்பி அனுப்பினார். ஒரே பட்டியலாக, ஒருவர் பெயர் ஒரு முறை மட்டும் வரும்படி, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கொடுங்கள், இல்லையென்றால் ஆட்சேபணை இல்லை என்று எழுதிவிடுவேன் என்றார்.

எழுபத்திரண்டு பேர் இரண்டு சங்கத்திலும் இருந்திருக்கிறார்கள். பேக்கிங் பிரிவில் பாக்கியம் என்று ஒரு பெண், எங்கள் உறுப்பினர் எண் நூற்று எழுபத்தொன்று. அவளும் அதில் ஒருத்தி. கூப்பிட்டு விசாரித்தேன். "ஆமாண்ணே, ரெண்டுலயும் இருக்கேன். ரெண்டும் நம்மளுதுதானே" என்றாள். அரசியல் போதாமை. இதற்குத்தான் பிரசுரம் வேண்டும் என்கிறேன்.

எங்கள் பட்டியல் எங்கள் மெஷினில். அவர்கள் பட்டியல் அவர்கள் மெஷினில். பெயர், எண், பிரிவு, சேர்ந்த தேதி எல்லாம். செவ்வாய்க்கிழமை மின்சாரம் போய் வந்ததில் அவர்கள் திரை கருகிவிட்டது. மெஷின் ஓடுகிறது, ஆனால் என்ன சொல்கிறது என்று பார்க்க வழியில்லை. எங்கள் திரையைக் கழற்றிக் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். சங்கச் சொத்து தடுப்பைத் தாண்டக் கூடாது என்று இரண்டாயிரத்து மூன்றில் தீர்மானம் இருக்கிறது. யார் கொண்டுவந்த தீர்மானம் என்பது முக்கியமில்லை.

பாக்கியம் வாசலில் நின்று பெயரும் எண்ணும் சொல்லிவிட்டுக் கேட்டாள். "அண்ணே, எல்லாரும் ஷிப்டு விட்டு கேட்டு வழியாத்தான வரோம். ஒரு நோட்டைப் போட்டு எழுதினா ரெண்டு மணி நேரத்துல நானூத்தி ஆறு பேரும் எழுதிட மாட்டோமா?" நான் பொறுமையாக விளக்கினேன். வரலாறு அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது, பின்னோக்கிப் போக முடியாது என்று. தலையை ஆட்டிவிட்டுப் போனாள். புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன்.

அப்போதுதான் சாந்தகுமாரி அம்மாளைக் கூப்பிட்டோம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கணவர் எங்கள் வார்ப்படப் பிரிவில் இருந்தவர், இப்போது இல்லை. இரண்டு பக்கத்துக்கும் மெஷின் அமைத்துக் கொடுத்தவரும் அவர்தான். வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "திரை எதுக்கு? பின்னாடி சீரியல் போர்ட் இருக்கு. எக்ஸ்சேஞ்ச் பூராவும் நாங்க இப்படித்தான் பாத்தோம். தடுப்புல ஒரு ஓட்டை போடுங்க. ஒரு முனை அங்க, ஒரு முனை இங்க. அது சொல்றதை உங்க திரையில பாத்துடலாம்."

ஓட்டை போடுவதற்குத் தனியாக ஒரு தீர்மானம் வேண்டியிருந்தது. விடுங்கள்.

புதன்கிழமை வயர் போட்டோம். எங்கள் திரையில் முதலில் வந்தது குப்பை. எழுத்தே இல்லை. தலையில் கொம்பும் காலில் வாலுமாக ஏதேதோ குறிகள். ரகசியக் குறியீடு என்று எனக்கு உடனே தோன்றியது. நாற்பது வருட அனுபவம். அம்மா சிரித்தார். "குறியீடும் இல்லை, கோளாறும் இல்லை. வேகம் ஒத்துப் போகலை. அந்த மெஷின் வேகமா பேசுது, இந்தப் பக்கம் நிதானமா வாங்குது. ரெண்டும் ஒரே வேகத்துல இருந்தாத்தான் எழுத்தா வரும்."

ஆசீர்வாதம் எப்போதுமே அவசரமாகப் பேசுகிறவர். அவர்கள்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்றேன். அம்மா எங்கள் விசைப்பலகையில் ஏதோ தட்டினார். எழுத்து தெளிவாக வந்தது. அவர்கள் இறங்கி வந்தார்கள். எங்கள் முதல் வெற்றி அதுதான்.

ஆனால் வந்த எழுத்து என்ன தெரியுமா? லாகின். அவ்வளவுதான். லாகின் என்று போட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு சின்னக் கட்டை கண் சிமிட்டிக்கொண்டு நின்றது.

"என்னம்மா இது?"

"யாருன்னு கேக்குதுண்ணே. பேர் சொல்லணும், அப்புறம் பாஸ்வேர்டு சொல்லணும். உங்க வாசல் மாதிரிதான்."

நீங்களே யோசித்துப் பாருங்கள். என் அலுவலகம், என் மேசை, என் திரை. அதில் அந்த மனிதரின் மெஷின் என்னைப் பார்த்து யார் நீ என்று கேட்கிறது. யார் கொண்டுவந்த வழக்கம் அது? "நம்ம மெஷின் அதைப் பாத்து யாருன்னு கேக்காதா?" என்றேன். "கேக்கும். கேக்க வேணாம்னு நாந்தான் நிறுத்தி வெச்சிருக்கேன்" என்றார். கோப்பு ஒன்றைத் திறந்து காட்டினார். அதில் ஒரு வரி. அதன் முன்னால் படலைத் தட்டி மாதிரி குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு கோடு போட்ட குறி. அந்தக் குறி இருந்தால் வரி வாயை மூடிக்கொண்டிருக்கும். குறியை எடுத்துவிட்டால் மெஷின் அந்தக் கம்பியில் யார் நீ என்று கேட்கத் தொடங்கும்.

"அப்ப அவங்க பக்கம் கேள்வி, நம்ம பக்கம் மௌனமா?"

"ஒரு பக்கம் கேள்வி கேட்டா, இன்னொரு பக்கம் பதில் சொல்லணும்ணே. ரெண்டும் கேள்வி கேட்டா பதில் யாரு சொல்றது?"

"அப்ப ரெண்டும் மௌனமா இருக்கட்டும். அதுவாவது சமத்துவம்."

"ரெண்டும் மௌனமா இருந்தா உங்க பிளைவுட்டுதான். அதுக்கு எதுக்கு வயர்?"

நல்ல பெண்மணிதான், ஆனால் இயக்க அனுபவம் இல்லாதவர். மறுநாள் வருகிறேன், ஒன்றையும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். முதலாளி இல்லாத மென்பொருள், யாரும் திருத்தலாம் என்று பிரசுரத்திலேயே இருக்கிறது. செயற்குழுவைக் கூட்டினேன். மூன்று பேர். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நானே என் கையால் அந்தக் குறியை அழித்தேன். மெஷினை அணைத்து ஏற்றினேன். எங்கள் மெஷினும் தலை நிமிர்ந்து யார் நீ என்று கேட்டது. அன்று வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை காலை வந்து பதிவேட்டைத் திறந்தேன். மெஷினுக்குள் யார் நுழையப் பார்த்தாலும் அது எழுதி வைக்கும் அல்லவா, அந்தப் பதிவேடு. உள்ளே நுழைய முயற்சி, தோல்வி. உள்ளே நுழைய முயற்சி, தோல்வி. பக்கம் பக்கமாக. நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு முறை. ஒரே ராத்திரியில். எல்லாம் அந்த வயர் வழியாக. நடுநடுவே மெஷின் தானாகவே ஒரு குறிப்பு எழுதியிருந்தது. தொல்லை அளவுக்கு மீறுகிறது, ஐந்து நிமிடம் கதவைச் சாத்தி வைக்கிறேன் என்று. ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பவும் அதே கதை.

உடனே பேனாவை எடுத்தேன். கோபத்தில். பத்து மணிக்குள் பிரசுரம் இருநூற்றுப் பதினைந்து தயார். தலைப்பு, 'நாலாயிரம் முறை கதவை உடைத்த கருங்காலி.' அச்சுக்குப் போய்விட்டது. பதினொரு மணிக்குத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சத்தம். அவர்கள் மெஷினில் திரை இல்லாவிட்டாலும் பிரின்டர் உண்டு, பதிவேடு மட்டும் அதில் தானாக அச்சாகும், பட்டியலை அச்சிடச் சொல்லத் திரை வேண்டும். காகிதம் மேசையிலிருந்து இறங்கி வாசல் வரை கிடந்ததாம். ஆசீர்வாதம் உரக்கப் படித்தார், எனக்குக் கேட்க வேண்டும் என்றே. "நாலாயிரத்து முந்நூத்திப் பதினஞ்சு தடவ உள்ள வரப் பாத்திருக்கான்லா. ராத்திரி பூரா உறங்கலியே இவன்."

கவனியுங்கள். எங்கள் மீது நடந்த தாக்குதல் ஒன்று கூடுதல். இதை எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கத் தயார்.

மத்தியானம் சாந்தகுமாரி வந்தார். பதிவேட்டைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. "அண்ணே, அந்தக் குறியை எடுத்தீங்களா?" என்றார். தீர்மானத்தின் நகலைக் காட்டினேன்.

"அங்க இருக்கறது யாருன்னு கேட்டிருக்கு. இது அதையே ஒரு ஆளோட பேருன்னு நினைச்சு, பாஸ்வேர்டு சொல்லுன்னு கேட்டிருக்கு. அது, பாஸ்வேர்டுங்கறவன் யாரோ வந்திருக்கான்னு நினைச்சு அவனை விசாரிச்சிருக்கு. தப்புன்னு இது சொல்லியிருக்கு. தப்புங்கறதும் ஒரு ஆளுதான்னு அது நினைச்சிருக்கு. ராத்திரி பூரா இதேதான். யாரும் யார் வீட்டுக்குள்ளயும் வரலை. ரெண்டும் வாசல்ல நின்னு யாரு யாருன்னு கத்தியிருக்கு. மெஷினுக்கே அஞ்சு நிமிஷம் நிறுத்தணும்னு தோணியிருக்குண்ணே."

கடைசி வாக்கியத்தை அவர் தடுப்பைப் பார்த்துச் சொன்னார். அதனால் அது அவர்களுக்கான விமர்சனம் என்று எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் வாயைத் திறக்கிறீர்கள். தெரியும், தொழில்நுட்பப்படி அவர் சொன்னது சரி என்பீர்கள். இருக்கட்டும். நான் தீர்ப்புக் கேட்பது அதற்கு அல்ல. முடித்துவிடுகிறேன். இன்னும் ஸ்ரீபெரும்புதூர்கூட வரவில்லை.

குறியைத் திரும்பப் போட வேண்டும் என்றார். முடியாது என்றேன். அவர்கள் போடட்டும் என்றேன். "வேதகிரி போடட்டும், பொறவு பாக்கலாம்" என்று பிளைவுட் சொன்னது. அதிலேயே வியாழன் போனது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பாக்கியம் வந்து வாசலில் நின்றாள். "பாக்கியம். நூத்தி எழுபத்தொண்ணு. லிஸ்ட் போயிடுச்சான்னு கேக்க வந்தேன்." போய்க்கொண்டிருக்கிறது என்றேன். அவள் போகவில்லை. வாசலிலேயே உட்கார்ந்தாள். அந்தப் பக்க வாசலிலும் யாரோ உட்கார்ந்த சத்தம் கேட்டது.

இருநூற்றுப் பதினைந்தில் ஒரு பிழை திருத்த அச்சகம் வரை போய்விட்டு நாலு மணிக்குத் திரும்பினேன். அதற்குள் சாந்தகுமாரி அந்தக் குறியைப் போட்டுவிட்டார். தீர்மானம் இல்லை, அறிவிப்பு இல்லை. திரையில் லாகின் என்று அமைதியாக நிற்கிறது. அவர் சங்கம் என்று தட்டினார். பாஸ்வேர்டு என்று கேட்டது.

"ஆசீர்வாதம் அண்ணே, உங்க பாஸ்வேர்டைச் சொல்லுங்க" என்று தடுப்பைத் தட்டினார்.

"அவன் காதுல வுழுந்துரும்லா."

"எழுதிக் குடுங்க, கிழிச்சுப் போட்டுடறேன்."

"ரெஜிஸ்டர் தபால்ல அனுப்புதேன்."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைண்ணே. மணி நாலு பத்து."

"இருக்கட்டும்மா. முறைன்னு ஒண்ணு இருக்குல்லா."

அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது நியாயம். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். சாந்தகுமாரி எழுந்து தண்ணீர்ப் பானைப் பக்கம் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரை பாஸ்வேர்டு என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. என் திரை, என் விசைப்பலகை. பன்னிரண்டு வருடமாக அது கேட்டால் நான் தட்டுவேன். கை தானாகத் தட்டிவிட்டது. என்னுடையதை.

திறந்துகொண்டது.

இங்கேதான் உங்கள் தீர்ப்பு வேண்டும். என் கடவுச்சொல்லை இப்போது சொல்வதில் தவறில்லை, மாற்றிவிட்டேன். பதினான்கு, பூஜ்யம் ஒன்பது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலு. அன்றைக்குத்தான் எங்களைக் கைது செய்தார்கள். எங்களை என்றால் என்னை, சரி, அவரையும். பதினேழு நாள் ஒரே அறை. ஒரே போர்வை. எனக்குக் காய்ச்சல் வந்ததால் பெரும்பாலும் என்மேல்தான் கிடந்தது. அது இந்த வழக்குக்குத் தொடர்பில்லாதது. கேள்வி இதுதான்: என் கடவுச்சொல் அவருக்கு எப்படித் தெரிந்தது? எத்தனை வருடமாக என்னை வேவு பார்த்திருக்கிறார்?

சாந்தகுமாரி திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "ரெண்டு பேருக்கும் அதே தேதிதானாண்ணே?" என்றார். தடுப்புக்கு அந்தப் பக்கம் இருமல் நின்றுவிட்டது.

நீங்களும் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

திருட்டு என்றேன். அவசரச் செயற்குழு என்றேன். சாந்தகுமாரி பட்டியலை வரவழைக்க விசைப்பலகைப் பக்கம் வந்தார். திருட்டு நடந்த இடத்தில் ஒன்றையும் தொடக் கூடாது என்று வயரைப் பிடுங்கிப் பைக்குள் வைத்தேன். இதே வயர்தான். சாட்சியத்தைப் பாதுகாப்பது பொதுச்செயலாளரின் கடமை. கண்டனத் தீர்மானம் எழுதி முடிக்கும்போது ஐந்து இருபது. வாசலில் பாக்கியம் இல்லை. அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் சாந்தகுமாரி அம்மாள் அவளுக்குத் தண்ணீர் கொடுத்த செம்பு மட்டும் இருந்தது.

பட்டியல் போனது. போகவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது. திங்கட்கிழமை போனது. சாந்தகுமாரி வேறு ஒரு வயரைக் கொண்டுவந்து கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார். காலம் கடந்தது என்று முத்திரை போட்டு வாங்கிக்கொண்டார்கள். இரண்டு மாதத்தில் கதவில் பூட்டு. பாக்கியம் இப்போது ரோஜாத் தோட்டத்தில் பூவை அட்டைப் பெட்டியில் அடுக்குகிறாள். பேக்கிங் தெரிந்தவள், அங்கேயும் பேக்கிங்தான். போன வாரம் சந்தையில் பார்த்தேன். பழக்கத்தில் பெயர் சொல்லிவிட்டாள். எண் சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள்.

இருநூற்றுப் பதினாறு இந்தத் திருட்டைப் பற்றித்தான். நன்றாக வந்திருக்கிறது. வாங்க ஆள்தான் இல்லை, வாயிலில் நின்று விற்கத் தொழிற்சாலை வேண்டுமல்லவா.

இன்று மேல்முறையீடு. சென்னையில், ஆணையர் அலுவலகத்தில், மூன்று மணிக்கு. இன்றுதான் கடைசி நாள். இரண்டு சங்கச் செயலாளர்களும் ஒரே மனுவில், ஒரே தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் எடுத்துக்கொள்வார்கள். பூட்டைத் திறப்பதைப் பற்றிப் பேசலாம் என்று வக்கீல் சொல்கிறார். இரண்டு தாள் கொடுத்தால் இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிடுவார்களாம்.

அதனால்தான் உங்களிடம் பேச்சுக் கொடுத்தேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆறு மணிக்கு ஓசூரில் ஒரே பேருந்துதான். முன்னால் மூன்றாவது வரிசையில், வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை, ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு. அவர்தான் ஆசீர்வாதம். என் மனு இதோ இருக்கிறது. என் கையெழுத்து இருக்கிறது, அவருக்கு இடம் விட்டிருக்கிறேன். பதிவுத் தபாலுக்கு இப்போது நேரமில்லை. நீங்கள் எழுந்து போய் அவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வர வேண்டும். நான் அனுப்பினேன் என்று சொல்லாதீர்கள். நடுநிலையாளர் என்ற முறையில் நீங்களாகவே கேட்பது போல.

எதற்குச் சட்டைப் பையில் கையை விடுகிறீர்கள்?

இது என்ன தாள்?

அவர் கொடுத்ததா? எப்போது? ஆம்பூரிலா? அதற்காகத்தான் பின்னால் வந்து உட்கார்ந்தீர்களா? அப்போதிருந்து இதைத்தான் சொல்ல வந்தீர்களா? ஆமாம், சொல்ல வந்தீர்கள். கவனித்தேன்.

கொடுங்கள். அவர் கையெழுத்துதான். ஆ மட்டும் பானை மாதிரி வயிறு பருத்திருக்கும், எண்பத்து நாலிலும் இப்படித்தான் போடுவார். மனுவின் மொழி மோசம். 'பணிவுடன்' என்று எழுதியிருக்கிறார். நான் என் ஆயுளில் எழுதாத சொல். அடித்துவிடலாமா? அடித்தால் அவர் பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும், நீங்கள் ஒரு நடை போக வேண்டும், அவர் நான் எழுதியதில் ஏதாவது ஒன்றை அடிப்பார். மணி என்ன? பதினொன்று ஐம்பதா.

என் கைபேசிதான் அடிக்கிறது. பாக்கியம். இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைக்கிறேன்.

"கையெழுத்து ஆயிடுச்சாண்ணே?" என்றாள். பெயர்கூடச் சொல்லவில்லை இந்த முறை.

ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இந்தத் தாளை அவர் உங்களிடம் கொடுத்தது ஆம்பூரில். அதாவது எட்டே முக்கால், ஒன்பது மணி. என் தாளை நான் எடுத்தது இப்போது. அப்படியானால் முதலில் கேட்டவர் அவர். நீங்கள் சாட்சி. அவர் கேட்டார், நான் பதில்தான் சொல்கிறேன். கையெழுத்துக்கு இடது பக்கத்தை எனக்கு விட்டிருக்கிறார், பாருங்கள். மூத்தவருக்கு விடும் இடம். பயந்துவிட்டார்.

பேனா இருக்கிறதா? என்னுடையது குலுக்கினால்தான் எழுதும், பேருந்து வேறு ஆடுகிறது. தாளுக்கு அடியில் உங்கள் பையைக் கொடுங்கள்.

ஆயிற்று. என் மனுவை நானே வைத்துக்கொள்கிறேன். இப்படி ஒன்று இருந்தது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. இந்தாருங்கள், முன்னால் போய்க் கொடுத்துவிடுங்கள். வயரையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு முனை அவர்களுடையது. யார் நீங்கள் என்று முதலில் கேட்பார். ஏற்கெனவே சொல்லியிருந்தாலும் திரும்பக் கேட்பார். கோபப்படாமல் பெயரைச் சொல்லுங்கள்.

வேதகிரி என்ன சொன்னான் என்று கேட்டால், ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லுங்கள். வழிநெடுக வாயே திறக்கவில்லை, வாங்கிப் படித்தான், கையெழுத்துப் போட்டான், அவ்வளவுதான் என்று.